மலரில் இல்லாத இரண்டு ஆண்டுகள்

வாசகரே, இவ்வாரம் உங்களை நான் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்வதற்கு அல்ல. தீர்ப்புச் சொல்ல அன்று அந்த மண்டபத்தில் ஆட்கள் தேவைக்கு மேலாகவே இருந்தார்கள். கண்டதைக் கண்டபடி சொல்ல ஒருவர் வேண்டும். என் வலப்பக்கத்தில் வந்து நில்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் எல்லார் முகமும் தெரியும்.

மேற்கு ஜேர்மனியில், ரூர்ப் பிரதேசத்தின் ஓரத்தில் ஒரு நடுத்தர நகரம். அதன் விளையாட்டு மண்டபம். தளம் முழுவதும் மரப்பலகை. புதிதாகப் பூசிய மெழுகின் மணம். இரு முனையிலும் கூடைகள். படிப்படியாக ஏறும் இருக்கைகளில் பாதி நகரம் உட்கார்ந்திருக்கிறது. தேசிய முதற்பிரிவில் ஆடும், சம்பளம் வாங்கும் கூடைப்பந்தாட்ட அணி ஒன்றின் ஆண்டு நிறைவு விழா அன்று.

நடுத்தளத்தில் ஒலிவாங்கி. அதன்முன் நிற்பவன் நான். தேவாலயத்தில் கொடுத்த சாம்பல்நிறக் கோட்டு, தோளில் சற்றே பெரிது. கையில், அணியின் வரலாற்றை அச்சிட்ட விழா மலர். பக்கத்தில் கழகத் தலைவர் கெஸ்லர் புன்னகையோடு நிற்கிறார். அந்தப் புன்னகையை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அது நெடுநேரம் இராது.

“நடுப்பக்கத்தில், ‘மீண்டும் முதற்பிரிவுக்குத் திரும்பினோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள்,” என்று ஜேர்மன் மொழியில் சொல்கிறேன். “திரும்புவதென்றால் முதலில் போயிருக்கவேண்டும். எங்கே போனீர்கள்?”

தளத்தின் ஓரத்தில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் தட்டுவதை நிறுத்துகிறார்.

அந்த மௌனத்துக்குத்தான் நீங்கள் சாட்சி.

பக்கக் கதவு

அந்த ஒலிவாங்கியின் முன் நான் எப்படி வந்து நின்றேன் என்பதைச் சொல்லியாகவேண்டும்.

எண்பத்துமூன்று இனக்கலவரத்தின் பின்னர் வந்திறங்கியவர்களில் நானும் ஒருவன். எங்களைக் குடியிருத்திய அகதி விடுதியை எல்லாரும் ‘ஹைம்’ என்றே சொன்னோம். மண்டபத்துக்கு எதிரே, வாகனத் தரிப்பிடத்தின் மறுகரையில் அது இருந்தது. வேலை செய்யச் சட்டம் விடாது. மாவட்ட எல்லையைத் தாண்டவும் விடாது. விடிந்தால் செய்வதற்கு எதுவுமில்லாத ஆண்கள் ஒரு கட்டடம் நிறைய இருந்தோம்.

கழகத்துக்கோ, சொந்த மண்டபத்தில் நடக்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு சிறு நூல் தேவைப்பட்டது. எதிரணியின் பெயர்கள், புள்ளி அட்டவணை, பயிற்றுநரின் பத்தி, இறைச்சிக்கடை விளம்பரம். அதைத் தனியொருவராகத் தயாரித்தவர் திருமதி பிராண்ட். குள்ளமான உருவம், சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, ஓயாத சிகரெட். எழுதுவதும் தட்டச்சில் அடிப்பதும் அவரே. அச்சாகி வந்த தாள்களை மடித்துப் பிணைப்பதற்குத்தான் அவருக்குக் கை போதவில்லை.

ஒருநாள் தாள்கட்டுகளோடு ஹைம் வாசலில் வந்து நின்றார். கூலி கொடுக்க வழியில்லை. ஆனால், மடித்துத் தருபவர்கள் மண்டபத்தின் பக்கக் கதவால் உள்ளே வந்து ஆட்டம் பார்க்கலாம். அவ்வளவுதான் உடன்படிக்கை. கைகுலுக்கலோடு முடிந்தது.

என் அறைத்தோழன் ஜெகன் அன்றைக்கே தன் கருத்தைச் சொல்லிவிட்டான்.

“ஊரிலை கடதாசி மடிச்சுக் கப்பல் விட்டம். இஞ்சை கடதாசி மடிச்சுப் பந்து பாக்கிறம். மச்சான், நாங்கள் முன்னேறிட்டம்.”

ஹைமின் சமையலறை மேசையில் வேலை நடந்தது. மடித்த விளிம்பைத் தேக்கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்ப்பது எங்கள் கண்டுபிடிப்பு. அச்சு மையின் மணமும், வதங்கும் வெங்காயத்தின் மணமும், ஈரக் காலுறைகள் ரேடியேற்றரில் காயும் மணமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். இன்றைக்கும் புதிய புத்தகம் ஒன்றை விரித்தால் எனக்கு வெங்காயம் மணக்கிறது.

எங்களுள் மூத்தவர் கணேசண்ணை. ஊரில் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். மனைவியும் பிள்ளைகளும் அங்கேயே இருந்தார்கள்; செய்தி வருவது அருமை. மேசையில் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் மண்டபத்துக்குள் போனதும் அவர் வேறு மனிதர். பந்து கூடைக்குள் விழுகிறதோ, வெளியே போகிறதோ, எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்துவார். எந்தப் பக்கம் எங்கள் அணியின் கூடை என்பதே அவருக்கு இடைவேளைக்குப் பின்னர் குழம்பிவிடும்.

ரோல்ஃபின் மேசை

ஜேர்மானியர் அந்தச் சிறுநூலை ‘ஹெஃப்ட்’ என்றார்கள். நாங்கள் மலர் என்றோம். பாடசாலைப் பரிசளிப்பா, கோவில் தேரா, விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழாவா, எதற்கும் ஒரு மலர் வெளியிட்டே பழகிய சமூகம் நாங்கள். வேறென்ன பெயர் வைப்போம்?

நான் அவற்றைச் சேர்க்கத் தொடங்கினேன். சேர்ப்பவர்களின் உலகம் தனியுலகம். மூலை மடங்கியிருக்கக் கூடாது. பிணைத்த கம்பி துருப்பிடித்திருக்கக் கூடாது. உள்ளே பென்சிலால் புள்ளிகள் குறித்திருந்தால் மதிப்புக் குறைவு. ஆட்ட நாட்களில் மண்டப முகப்பில் ஒரு மேசை போட்டு, பழைய மலர்களை மாற்றிக்கொள்வதற்காக ஒருவர் உட்கார்ந்திருப்பார். ரோல்ஃப் என்று பெயர். கதவுநிலையில் குனிந்து வரும் உயரம். வலது முழங்கால் மடங்காது. முன்னொரு காலத்தில் அந்த அணியிலேயே ஆடியவர்.

என்னிடம் பணமில்லை, ஆனால் என் கையில் மூலை மடங்காத புதுப் பிரதிகள் இருந்தன. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினேன். ஜேர்மன் மொழியை நான் வகுப்பில் கற்றதைவிட அந்தப் பழைய மலர்களில் கற்றது அதிகம். பயிற்றுநர்கள் தோல்விக்குச் சொல்லும் காரணங்களைப் படித்தால், ஒரு மொழியின் வளைவு நெளிவெல்லாம் பிடிபட்டுவிடும்.

என் கட்டிலின்மேல் ஆண்டு வாரியாக அடுக்கியபோது ஓரிடத்தில் வெளி விழுந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு மலரும் இல்லை.

“இல்லை. அச்சடிக்கவில்லை,” என்றார் ரோல்ஃப். “கீழ்ப்பிரிவுக்கு விழுந்திருந்தோம். விளம்பரம் தருவார் இல்லை. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஆடினோம். சூடாக்கி வேலை செய்யாது. சேர்ப்பவர்கள் அந்த இரண்டு ஆண்டையும் கணக்கில் எடுப்பதில்லை.”

“நீங்கள்?”

“நான் அப்போது அணித்தலைவன்,” என்றார். பிறகு மேசையிலிருந்த மலர்களை நேராக அடுக்கத் தொடங்கினார்.

எங்கள் ஊர் முறை

இங்கே என்னைப் பற்றிச் சற்றுச் சொல்ல அனுமதியுங்கள். தன்னடக்கம் ஒரு நல்ல குணம்; என்னிடம் அது இருந்ததாக ஒருவரும் குற்றஞ்சாட்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரியின் விவாத அணிக்கு நான் தலைவன். குடாநாட்டில் நான் ஏறாத மேடை குறைவு. ஒலிபெருக்கி பழுதானாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசப் பழக்கப்பட்டவன். எதிரணியின் வாயிலிருந்து விழுந்த சொல்லையே எடுத்து அவர்கள்மேல் எறிவது என் வழக்கம். நான் எழுந்தால் எதிரணியில் தாள் புரளும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை எனக்குக் கிடைத்த பதக்கங்களைவிட மேலாக மதித்தேன்.

அந்த மேடைகளில் நான் அதிகம் பேசியது நூல் வெளியீட்டு விழாக்களில். முறை உங்களுக்குத் தெரியும். முதற்பிரதியை ஒரு பெரியவரிடம் கையளிப்பார்கள். அடுத்து ஒருவர் எழுந்து ஆய்வுரை நிகழ்த்துவார். நிறையைச் சொல்லி, குறையையும் சொல்லுவார். கடைசியாக நூலாசிரியர் எழுந்து ஏற்புரை வழங்குவார். ஆய்வாளருக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு அதுவே தருணம். குறை சொல்லாத ஆய்வுரையை எங்கள் சனம் மன்னிக்காது. “மனுசன் புத்தகத்தைத் திறந்தும் பாக்காமல் வந்திட்டார்” என்று தேநீர் வேளையில் பேசிக்கொள்ளும். நூலில் குறைகாண்பது நூலுக்குச் செய்யும் மரியாதை. இந்த நம்பிக்கையோடுதான் நான் விமானம் ஏறினேன்.

அந்தக் குளிர்காலத்தில் கழகத்தின் நிர்வாகத்தில் ஒரு முறைப்பாடு எழுந்தது. ஹைம்காரர் ரிக்கெற் இல்லாமல் பக்கக் கதவால் வருகிறார்களாம். கதவைப் பூட்டவேண்டுமாம். முடிவெடுக்கும் பொறுப்பு கெஸ்லரிடம் இருந்தது.

திருமதி பிராண்ட் வந்து என்னிடம் சொன்னார்: “விழா மலர் வருகிறது. ஹைமின் சார்பில் நீ மேடைக்கு வந்து மலரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல். கெஸ்லருக்கு மனம் குளிரும். கதவு பூட்டப்படாது.”

அவர் நினைத்தது நன்றியுரை. ஆனால் மலர் வெளியீட்டில் மலரைப் பற்றிப் பேச ஒருவனை அழைத்தால், நான் வளர்ந்த மண்ணில் அதற்குப் பொருள் ஒன்றே ஒன்று.

ஜெகன் மோப்பம் பிடித்துவிட்டான். அகராதியும் கையுமாக நான் கட்டிலில் கிடந்ததைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினான்.

“என்னடா இவ்வளவு எழுதுறாய்? நன்றி சொல்லு, சிரி, இறங்கு.”

“அது பேச்சில்லை, ஜெகன். அது கும்பிடு.”

“கும்பிட்டா என்ன, கை தேயுமோ?”

மஞ்சளும் ஆய்வுரையும்

விழா மலரின் முதற்பிரதியை மடித்தவர் கணேசண்ணை. முதற்பிரதி அல்லவா? ஒருவரையும் கேளாமல், சமையலறை மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் பூசிவிட்டார். கலியாணக் கடிதத்துக்கு நாங்கள் பூசுவதுபோல. மங்கலம். ஒலிவாங்கியின் முன் அதை நான் இரு கையாலும் கெஸ்லரிடம் கொடுத்தேன். அவர் வாங்கினார், விரல்களைப் பார்த்தார், வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார், கைக்குட்டையைப் பார்த்தார். முகப்பில் நின்ற சேர்ப்பாளர்கள் சிலர் அந்தப் பிரதி கெட்டுப்போனதற்காக உண்மையிலேயே வருந்தினார்கள்.

பிறகு நான் பேசினேன்.

நிறையை முதலில் சொன்னேன். தாள் நன்று, படங்கள் தெளிவு, திருமதி பிராண்டின் நடை சுருக்கமும் கூர்மையும் உடையது. கைதட்டினார்கள். கெஸ்லர் புன்னகைத்தார்.

“இனிக் குறைகளுக்கு வருகிறேன்,” என்றேன்.

முதலாவது, அட்டைப்படம். பந்தை எறிந்தவரின் கை வெட்டுப்பட்டிருக்கிறது. கையில்லாமல் பந்து பறக்கிறது. சிரித்தார்கள். இரண்டாவதுதான் நீங்கள் முன்னரே கேட்டது. எங்கே போனீர்கள்? சிரிப்பு நின்றது.

“இரண்டு ஆண்டுகள் தோற்றீர்கள். அந்தத் தோல்விகள் எங்கே? குளிரில், பள்ளிக்கூட மண்டபத்தில் ஆடியவர்களின் பெயர்கள் எங்கே? வெற்றியை மட்டும் அச்சிடுவது வரலாறு அல்ல, விளம்பரம். அதை இறைச்சிக்கடைக்காரரின் பக்கத்தில், தொத்திறைச்சிக்குக் கீழே அச்சிட்டிருக்கலாம்.”

பின்வரிசைகளில் எவரோ பலமாகச் சிரித்தார். முன்வரிசையில் இருந்த இறைச்சிக்கடைக்காரர் சிரிக்கவில்லை. கெஸ்லரின் கை ஒலிவாங்கியை நோக்கி வந்தது. நான் ஓர் அடி பின்வாங்கி, ஒலிவாங்கி இல்லாமலே முடிவுரையைச் சொல்லி முடித்தேன். கடைசி வரிசைக்கும் கேட்டது.

விழாவை அடுத்து நடந்த ஆட்டத்தில் அன்று அணி தோற்றது. ஆட்டக்காரர்களின் மனத்தை அந்தப் பேச்சு கலைத்துவிட்டதென்று நகரம் முழுவதும் சொன்னார்கள். சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களை ஓர் அகதியின் ஆய்வுரை தோற்கடிக்கும் என்றால், என் நாவன்மைக்கு அதைவிடச் சிறந்த சான்றிதழ் தேவையில்லை.

வெளியே போகும்போது ரோல்ஃபின் மேசையைக் கடந்தேன். அவர் எனக்கு நன்றி சொல்வார் என்று எண்ணியிருந்தேன்.

“உன்னை யார் என் வழக்கறிஞர் ஆக்கினார்கள்?” என்றார். “பேசுவதற்குமுன் முழுவதையும் கேட்டிருக்கலாம்.”

“நான் உங்களுக்காகப் பேசவில்லை. நூலுக்காகப் பேசினேன்,” என்றேன். இன்றைக்கும் அதையே சொல்வேன்.

சமையலறை மன்று

பக்கக் கதவு பூட்டப்பட்டது. திருமதி பிராண்ட் செய்தி கொண்டுவந்தார். அடுத்த ஆட்டத்துக்கு முன்னர் நான் அதே ஒலிவாங்கியில் மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்டால் எல்லாருக்கும் கதவு திறக்கும். கேட்காவிட்டால் ஹைமில் ஒருவருக்கும் திறக்காது.

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். தன் கருத்து என்ன என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜெகன் கதிரையைத் திருப்பிப் போட்டு என்முன் உட்கார்ந்தான்.

“உன்ர வாயாலை எல்லாற்றை கதவும் பூட்டுப்பட்டிட்டுது. இப்ப அந்த வாயாலையே திற.”

“நான் என்ன பொய் சொன்னனானே?”

“உண்மையைச் சொன்னதுக்குத்தான் நாங்கள் நாட்டை விட்டு ஓடி வந்தது. இஞ்சையிருந்து இனி எங்கை ஓடுறது? மன்னிப்பு ஒரு சொல்லுத்தானேடா. அதுவும் ஜேர்மன் சொல்லு. நாக்குச் சுடாது.”

“நான் குறை சொன்னதும் ஜேர்மனிலைதான். அது மெய்யெண்டால் இதுவும் மெய்யாய் இருக்கவேணும். மனசிலை இல்லாததைச் சொல்ல ஏலாது.”

“விசரன்,” என்றான் ஜெகன், கூரையைப் பார்த்து. “இவனுக்கு அகதி விண்ணப்பம் குடுத்தவையைச் சொல்லவேணும்.”

அதுவரை கணேசண்ணை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்தார்.

“தம்பி, உண்மையைச் சொல்லுறன், எனக்கு அந்த விளையாட்டு விளங்காது. ஆனா அந்த மண்டபத்துக்கை அவ்வளவு சனமும் கத்தேக்கை நானும் எழும்பிக் கத்துறன். வேறை எங்கை நான் கத்திறது? இந்த அறையிலை கத்தினா விசரெண்டுவினம். றோட்டிலை கத்தினா பொலிஸ் வரும்.”

மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார்.

ஜெகனுக்கு என்னிடம் மறுமொழி இருந்தது. நடுவர் மூவர் இருந்தாலும் மூவரையும் என் பக்கம் திருப்பியிருப்பேன். கணேசண்ணைக்கு மறுமொழி இருக்கவில்லை. அன்று நான் சாப்பிடவுமில்லை.

ஆனாலும் வாசகரே, பணிந்துவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். கதவு திறக்கவேண்டும், அதில் ஐயமில்லை. தலை குனியவும் கூடாது. இவை இரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருந்தாகவேண்டும். அடுத்த ஆட்டம் வரை அதைத்தான் தேடினேன்.

ஏற்புரை

மறுபடி அதே கோட்டு. அதே மெழுகு மணம். இம்முறை கெஸ்லர் புன்னகைக்கவில்லை. ஹைம்காரர்கள் பக்கக் கதவின் கண்ணாடிக்கு வெளியே, குளிரில், மூக்கைக் கண்ணாடியில் வைத்து நின்றார்கள். கணேசண்ணையின் மூச்சு பட்டுக் கண்ணாடி வெண்மையாகி இருந்தது.

“என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்,” என்று தொடங்கினேன். “என் நாட்டில் ஒரு நூல் வெளிவந்தால், அதில் குறை காண ஒருவரை அழைப்பது மரபு. அவர் குறை சொன்னபின் மன்னிப்புக் கேட்பதில்லை. உட்காருகிறார். நூலாசிரியர் எழுந்து அவருக்கு மறுமொழி சொல்கிறார். சபை இருவரையும் கேட்கிறது. சென்ற முறை இந்தச் சபை என்னை மட்டுமே கேட்டது. ஆசிரியருக்கு உரிய இடம் கொடுக்கப்படவில்லை. அதை இப்போது கொடுக்கிறேன். திருமதி பிராண்ட், ஒலிவாங்கி உங்களுடையது.”

சொல்லிவிட்டு விலகி நின்றேன். கெஸ்லர் என்னைப் பார்த்தார். இது மன்னிப்பா இல்லையா என்று அவருக்கு விளங்கவில்லை. அவர் விளங்கிக்கொள்வதற்குள் திருமதி பிராண்ட் தளத்தோர மேசையிலிருந்து எழுந்துவிட்டார். அவர் வருவார் என்று எனக்கு எந்த உறுதியும் இருக்கவில்லை. ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினார். கண்ணாடியை மூக்கில் ஏற்றினார்.

“இந்த இளைஞர் அட்டைப்படத்தைக் குறை சொன்னார். அதைத் தேர்ந்தெடுத்தவர் நமது தலைவர். கையை வெட்டியது நான் அல்ல.”

சிரிப்பு.

“விடுபட்ட இரண்டு ஆண்டுகள் எங்கே என்று கேட்டார். அவற்றை நான் எழுதினேன். இரண்டு பக்கம். அவை அச்சுக்குப் போகவில்லை. அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறதென்று உங்களில் மலர் வைத்திருப்பவர்கள் புரட்டிப் பாருங்கள்.”

எனக்கு மிகப் பழக்கமான அந்தச் சத்தம் எழுந்தது. மண்டபம் முழுவதும் தாள் புரண்டது. பிறகு, ஒரு மூலையில் தொடங்கிய சிரிப்பு சுற்றிவந்தது. அந்த இடத்தில், இரு பக்கத்தையும் நிறைத்து, இறைச்சிக்கடையின் தொத்திறைச்சிகள் தொங்கிக்கொண்டிருந்தன. நான் வேடிக்கைக்குச் சொன்னது நடந்தே இருந்தது.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“ஆனால், இளைஞரே, ‘இரண்டு ஆண்டுகள் தோற்றீர்கள்’ என்றீர்கள். பிழை. முதலாம் ஆண்டு தோற்றோம். இரண்டாம் ஆண்டு அந்தப் பிரிவிலேயே முதலிடம். வெல்லாமல் எப்படித் திரும்பி வருவதாம்? ‘திரும்புவதென்றால் முதலில் போயிருக்கவேண்டும்’ என்று அழகாகக் கேட்டவருக்கு, திரும்புவதென்றால் வென்றும் இருக்கவேண்டும் என்பது ஏன் தோன்றவில்லை? அந்த அணியின் தலைவர் முகப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.”

சிரிப்பு இப்போது என்மேல் விழுந்தது. முகப்பின் கதவோரத்தில் நின்ற ரோல்ஃபைப் பார்த்துச் சனம் கைதட்டியது. அவர் கையை ஒரு தடவை உயர்த்திவிட்டு, கூச்சத்தோடு மறைந்தார்.

என் சொல்லையே எடுத்து என்மேல் எறிந்துவிட்டார் அந்த அம்மா. குடாநாட்டின் எந்த மேடையிலும் எனக்கு அப்படி ஓர் அடி விழுந்ததில்லை. தலை குனிந்தேனா? இல்லை. திருமதி பிராண்டுக்காக எல்லாருக்கும் முன்னதாக, எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினேன். முறையான ஏற்புரைக்குச் செய்யும் மரியாதை அதுதான்.

கதவின் வெளிப்புறம்

அத்தனை பேர் கைதட்டியபின் கதவைப் பூட்டி வைக்கக் கெஸ்லரால் முடியவில்லை. என்னை மறித்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“உங்கள் ஆட்கள் வரலாம். நீங்கள் வேண்டாம்.”

நான் பக்கக் கதவால் வெளியே போக, அவர்கள் உள்ளே வந்தார்கள். கணேசண்ணை வாசற்படியில் நின்று என் கோட்டுக் கையைப் பிடித்தார்.

“நீர் வெளியிலை, நாங்கள் உள்ளுக்கை. இது சரியில்லைத் தம்பி.”

“போங்கோ அண்ணை. போய்க் கத்துங்கோ. எனக்கு இஞ்சை கேக்கவேணும்.”

ஜெகன் போகிற போக்கில் என் தோளில் தட்டினான். “கவலைப்படாதை. இடைவேளைக்கு வந்து புள்ளி சொல்லுறன். சிகரெட் இருந்தா எடுத்து வை.”

கதவு சாத்திக்கொண்டது. வாகனத் தரிப்பிடத்தில் பனி பெய்யவில்லை. பெய்யப்போகும் ஈரம் மட்டும் இருந்தது. சுவருக்குள்ளே நடுவரின் ஊதல் ஒலித்தது. பந்து மரத்தில் படும் ஒலி கல்லுக்கூடாக வந்து முதுகில் தட்டியது. காலணிகள் கிறீச்சிட்டன. சனத்தின் இரைச்சல் எழுந்து விழுந்தது. அதன்மேல், தவறான நேரத்தில், தவறான கூடைக்காக, ஒரு யாழ்ப்பாணத்துக் குரல் ஓங்கி ஒலித்தது.

நான் சிரித்தேன். ஆம், வெளியே நின்றவன்தான் சிரித்தேன்.

சற்று நேரத்தில் கதவு திறந்து திருமதி பிராண்ட் புகைக்க வந்தார். கதவருகில் காவலுக்கு நின்ற ஊழியரிடம் நெருப்புக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“இறைச்சிக்கடைக்காரர் கோபித்துக்கொண்டார்,” என்றார் என்னைப் பாராமலே. “அடுத்த மலரில் அவருடைய விளம்பரம் இல்லை. ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது. நீ உண்டாக்கிய வெற்றிடம். நீயே நிரப்பு.”

“எதை எழுதுவது?”

“இன்றைய ஆட்டத்தை எழுது.”

“நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. உங்கள் தலைவர் என்னை வெளியே விட்டுவிட்டார்.”

“அப்படியானால் வெளியே நின்று கேட்டதை எழுது. இலக்கணப் பிழையை நான் திருத்துகிறேன். வேறெதையும் தொடமாட்டேன்.”

உள்ளே இரைச்சல் திடீரென அடங்கியது. எதிரணி தொடர்ந்து புள்ளி எடுக்கிறது போலும். காவலுக்கு நின்றவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும், அந்தக் கதவுக்கும், கதவுக்கு அப்பால் இருந்த முதல்வரிசைக்கும் கேட்கும்படி, ஒலிவாங்கி தேவைப்படாத என் குரலில் சொன்னேன்:

“எழுதுகிறேன், திருமதி பிராண்ட். ஆனால் இன்று உங்கள் அணி தோற்றால், தோற்றது என்றுதான் எழுதுவேன்.”